உறங்கும் கருவுக்கு ஒரு வாய்தா

பிரம்மசக்தியும் அவள் கணவன் நயினாரும் ஒரே பஸ்ஸில்தான் வழக்காட வந்தார்கள். பணகுடியில் ஏறும் நயினார் பக்கத்து சீட்டில் துண்டைப் போட்டு வைத்துக்கொள்வார். கயத்தாறில் பிரம்மசக்தி ஏறியதும் துண்டு அவர் தோளுக்குப் போய்விடும். கோவில்பட்டியில் இறங்கி இரண்டு டீ வாங்கி வருவார். அவளும் மறுக்காமல் வாங்கிக் குடிப்பாள். ஆனால் மதுரை வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். தீர்ப்பாயத்துக்குள் நுழைந்ததும் அவள் மனுதாரர் பெஞ்சுக்கும் அவர் எதிர்மனுதாரர் பெஞ்சுக்கும் பிரிந்துவிடுவார்கள்.

முதல் தடவை இதைக் கேள்விப்பட்டபோது பெனிட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. சண்டை என்றால் சண்டை மாதிரி இருக்க வேண்டாமா?

பெனிட்டா சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். வகுப்பில் பாதிப் பேர் ஏசி போட்ட கம்பெனிகளுக்கு இன்டர்ன்ஷிப் போயிருக்க, இவள் மட்டும் வம்படியாக மதுரையில் ‘தன்னுரிமை’ மையத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். பிள்ளை பெறுவதா வேண்டாமா, பெற்றால் எப்போது என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்ய வேண்டும் என்று வழக்காடுகிற மையம் அது. இதே தலைப்பில் கல்லூரிப் பேச்சுப் போட்டியில் முழங்கி ஒரு கோப்பையும் வாங்கியிருந்தாள். வந்த கையோடு தீர்ப்பாயத்தில் முழங்கச் சொல்வார்கள் என்று நினைத்தவளுக்கு முதல் வாரம் முழுக்க ஸ்கேனர் முன்னால் நிற்கும் வேலைதான் கிடைத்தது.

மையத்தை நடத்தும் வக்கீல் வசுமதி எந்நேரமும் அவசரத்தில் இருப்பவர். சாப்பிட்டுக்கொண்டே போனில் பேசுவார், போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போடுவார். ஒரு மதியம் கையில் பாதி சப்பாத்தியோடு பெனிட்டாவின் மேஜைக்கு வந்து நின்றார்.

“பிரம்மசக்தி கேஸ் படிச்சியா?”

“படிச்சேன் மேம். ஆறு வருஷமா உறக்கத்துல இருக்கிற கரு. முதல் மூணு வருஷத்துக்கு யாரையும் கேக்க வேண்டாம். அடுத்த மூணுக்கு டாக்டர் கையெழுத்து போதும். அதுக்கு மேலன்னா புருஷன் சம்மதிக்கணும், இல்லேன்னா தீர்ப்பாயம் அனுமதிக்கணும். புருஷன் சம்மதிக்கலை.”

“சட்டம் சரி. ஊசி எப்படி வேலை செய்யுதுன்னு தெரியுமா?”

“கருவைத் தூங்க வைக்குது.”

“கரடிக்கு அது ஊசி இல்லாமலே உண்டு,” என்றார் வசுமதி. “கோடையில கரு உண்டாகும். ஆனா உடம்புல தெம்பு சேர்ற வரைக்கும் அதை வளர விடாது. அப்படியே நிறுத்தி வெச்சிருக்கும். மான்லயும் சில ஜாதி செய்யுது, வௌவாலும் செய்யுது. பொம்பளைக்கு மட்டும் ஏன் அந்த வசதி கூடாதுன்னு ஒரு புண்ணியவதி யோசிச்சா. இப்ப மூணு மாசத்துக்கு ஒரு ஊசி. நிறுத்தினா கரு முழிச்சுக்கும், விட்ட இடத்துலேர்ந்து வளரும். படிப்பு, வேலை, வீட்டுக் கடன்னு ஊர்ப்பட்ட பேர் தூங்க வெச்சிருக்காங்க. ஆனா எல்லாம் ஒரு வருஷம், ரெண்டு வருஷம். ஆறு தாண்டி இந்தம்மா ஒருத்திதான் கேக்குறா. ஜெயிச்சோம்னா அவளுக்குப் பின்னாடி ஆயிரம் பேருக்கு வழி திறக்கும்.”

“தோத்தா?”

“ஊசிய நிறுத்தச் சொல்லுவாங்க. பிடிக்கலேன்னா கலைச்சுக்கோம்பாங்க. சட்டத்துல ரெண்டே கதவுதான்.” சப்பாத்தி முடிந்திருந்தது. “நாளைக்கு அந்தம்மா வருது. அஃபிடவிட்டுக்கு விஷயம் வாங்கு. இன்னும் எதுக்காகத் தூங்க வைக்கணும்? நல்ல வலுவான காரணமா வாங்கு.”

மறுநாள் பிரம்மசக்தி வந்தாள். காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்க்கிற வேலை. வெயிலில் கறுத்த முகம், கயிறு பிடித்துக் காய்த்த கைகள், ஆனால் குரல் மட்டும் யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மெதுவாக வந்தது. கணவனை விட்டு அவள் ஒன்றும் ஓடிப்போய்விடவில்லை. வழக்கு ஆரம்பித்த பிறகு கயத்தாறில் கம்பெனி குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தாள், அவ்வளவுதான்.

“கல்யாணம் ஆன புதுசுலதான் இந்த வேல கெடச்சுது,” என்றாள். “மாசமா இருந்தா மேல ஏற விட மாட்டாவ. சரி, ஒரு வருஷம் தூங்கட்டும்னு ரெண்டு பேரும் பேசித்தான் ஊசி போட்டோம். அவியதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாவ.”

“ஒரு வருஷம் கழிச்சு ஏன்க்கா எழுப்பலை?”

பிரம்மசக்தி ஜன்னலைப் பார்த்தாள். “வேலைக்காகன்னு எழுதிக்கிடுங்க.”

பெனிட்டா எழுதிக்கொண்டாள். வலு போதாது என்று அவளுக்கே தெரிந்தது. மேற்கொண்டு எப்படிக் கேட்பது என்று யோசித்தபடி பழைய வழக்குக் கட்டு ஒன்றை எடுத்து வர உள்ளே போனாள். திரும்பி வந்து பார்த்தால் பிரம்மசக்தி நாற்காலியிலேயே தூங்கிப் போயிருந்தாள். மின்விசிறி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக வந்த வெயில் அவள் மடியில் விழுந்து கிடந்தது. உதட்டில் ஒரு சிரிப்பு. அந்த மாதிரிச் சிரிப்பை விழித்திருக்கும்போது அவள் முகத்தில் பெனிட்டா பார்க்கவே இல்லை.

“ஏட்டி, ஓடாத. வழுக்கி விழுந்துருவ,” என்றாள் தூக்கத்தில்.

பெனிட்டா வழக்குக் கட்டை மேஜையில் வைத்த சத்தத்தில் அவள் கண் திறந்தாள். எங்கிருக்கிறோம் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“யாரைக்கா ஓடாதேன்னீங்க?”

சொல்வதா வேண்டாமா என்று பிரம்மசக்தி தயங்கினாள். பிறகு, தூக்கம் முழுசாகக் கலையாத அந்த நேரத்தில், சொல்லிவிட்டாள்.

“ஊசி போட்ட ரெண்டாம் மாசம் ஒரு கனவு வந்துச்சு. ஒரு வீடு. எங்க வீடு இல்ல, நான் பாத்த வீடும் இல்ல. பின்னால ஒரு குளம். நல்ல காத்து அடிக்கும், ஆனா நான் ஏறுத காத்தாடி ஒண்ணுகூட இருக்காது. உள்ள பிள்ள அழுத சத்தம். போய்ப் பாத்தா தொட்டில்ல கெடக்கா. தூக்குனேன், அழுகைய நிறுத்திட்டா. அவ்வளவுதான் கனவு. மறுநாளும் அதே வீடு, அதே பிள்ள. மூணாம் நாளும் அதே. கொஞ்ச நாள்ல குப்புற விழுந்தா. அப்புறம் தவழ்ந்தா. ஒரு நாள் செவத்தப் பிடிச்சிட்டு எந்திரிச்சு நிக்கா, என்னையப் பாத்துச் சிரிக்கா.”

“தினமுமா?”

“ஒரு ராத்திரி தப்பாது. பகல்ல கண்ணசந்தாலும் வந்துருவா. இப்ப ஆறு வயசு. முன்பல்லு ரெண்டும் விழுந்துட்டு. சீனி டப்பாவ எங்க ஒளிச்சாலும் கண்டுபிடிச்சுருவா. பல்லின்னா மட்டும் பயம்.” சொல்லும்போதே அவள் முகம் விடிந்துவிட்டது. “நேத்து ஆட்டுக்குட்டி வேணும்னு ஒரே அடம். குளத்தச் சுத்தி ஓடுதா, பிடிக்க முடியல.”

ஊசியோடு கொடுக்கிற தாளில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்ததைப் பெனிட்டா படித்திருந்தாள். சிலருக்குத் தொடர்கனவுகள் வரலாம், மருந்து நின்றதும் மறைந்துவிடும். தலைவலிக்கும் வாய்க்கசப்புக்கும் நடுவில் அதைப் போட்டிருந்தார்கள்.

“டாக்டர்ட்டயும் கேட்டேன் தங்கச்சி. ஊசிய நிறுத்துன கொஞ்ச நாள்ல கனவும் நின்னுரும்னாவ. பெறக்கப்போறது யாருன்னு எனக்குத் தெரியாது. ஆம்பளப் பிள்ளையாக்கூட இருக்கலாம். அதுவும் எம்பிள்ளதான், இல்லங்கல. ஆனா இவ? ஆறு வருஷம் வளத்தவள நான் எங்க போயித் தேடுவேன்? கலைச்சாலும் போயிருவா. பெத்தாலும் போயிருவா. தூங்குத வரைக்குந்தான் எங்கூட இருப்பா.”

கோப்பை வாங்கிய பேச்சில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. பெனிட்டா பேனாவை மூடி வைத்தாள்.

“வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களாக்கா?”

“என்னன்னு சொல்ல? அவியளும் ஆறு வருஷமா ஒரு பிள்ளைக்கு ஏங்கிட்டு இருக்காவ. அவிய மெக்கானிக் கடைக்கு வண்டி பேட்டரி மாத்த வாரவன்லாம் ‘என்ன நயினாரே, உம்ம பிள்ள இன்னும் முழிக்கலையா’ன்னு கேக்கான். இங்க நான் தெனம் ராத்திரி பிள்ளையக் கொஞ்சிட்டுத்தான் இருக்கேன்னு சொன்னா, அந்த மனுசனுக்கு எப்படி இருக்கும்?”

அன்று சாயங்காலம் வசுமதியிடம் பெனிட்டா எல்லாவற்றையும் சொன்னாள். வசுமதி போனைக் கீழே வைத்தார். அவர் போனைக் கீழே வைப்பது அபூர்வம்.

“கனவா? தாயே, அதை மட்டும் எழுதித் தொலைக்காதே. மனநிலை சரியில்லைன்னு ஒரே வரியில எதிர்த்தரப்பு வக்கீல் முடிச்சுடுவார். மனநிலை சரியில்லைன்னா முடிவெடுக்கிற உரிமை யாருக்குப் போகும்?”

“புருஷனுக்கு.”

“போச்சா? வேலை ஒப்பந்தம்னே எழுது. அதோட ஒன்பதாவது பத்தியில ஒண்ணு சேர்த்துக்க. இன்னும் ரெண்டு வருஷத்துக்குள்ள கருவை எழுப்பிடுறேன்னு மனுதாரர் உறுதி குடுக்கிறாங்க. காலவரையே இல்லாமக் கேட்டா எந்த நீதிபதியும் தர மாட்டார். ரெண்டு வருஷம்னு கேட்டா தருவார். அது முடியும்போது இன்னொரு மனு போடுவோம். இந்த ஊர்ல எது நடந்தாலும் வாய்தாவுலதான் நடக்குது.”

“அவங்க எழுப்பவே மாட்டேங்கிறாங்களே மேம்.”

“அதை நீ பக்குவமா எடுத்துச் சொல்லு. இன்டர்ன் எதுக்கு இருக்கே?”

வசுமதியைக் குறை சொல்லவும் பெனிட்டாவுக்கு மனம் வரவில்லை. ஆயிரம் பேருக்கு வழி திறக்க நினைக்கிறவர் ஒருத்தியின் கனவுக்குள் போய் உட்கார முடியாது. ஆனால் அந்த ஒருத்தியின் பேரில்தானே மனு?

அது மத்தியச் சட்டம் என்பதால் தீர்ப்பாயத்தில் காகிதமெல்லாம் ஆங்கிலம். அதனால் ஒவ்வொரு அஃபிடவிட்டின் அடியிலும் ஒரு வாசகம் இருக்கும். மேற்கண்ட விவரங்கள் மனுதாரருக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டன, அவர் புரிந்துகொண்டு கையெழுத்திட்டார் என்று. வாசித்தவரும் அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். வக்கீல் ஆபீஸ்களில் இது ஒரு சடங்கு. பாதி இடங்களில் வாசிப்பதே இல்லை, காட்டுகிற இடத்தில் கட்சிக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். பெனிட்டா அப்படிச் செய்யக் கூடாது என்று தீர்மானமாக இருந்தாள். ஒரு வரி விடாமல் வாசிப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் பிரம்மசக்தியின் எதிரே உட்கார்ந்தாள்.

எட்டுப் பத்தி வரைக்கும் அப்படியே வாசிக்கவும் செய்தாள். கல்யாணத் தேதி, ஊசி போட்ட விவரம், காற்றாலை வேலை. பிரம்மசக்தி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். நடுநடுவே வேறு கதையும் வந்தது. ஆட்டுக்குட்டி கேட்டவளுக்கு நேற்றுக் கனவில் ஒரு குட்டி கிடைத்துவிட்டதாம். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வாசலில் நின்றதாம். அதற்கும் சீனி கொடுத்துப் பார்த்தாளாம். சொல்லிவிட்டு வாய் பொத்திச் சிரித்தாள். பெனிட்டாவும் சிரித்தாள். ஒரு கணம் அவள் கண்ணிலும் அந்தக் குளமும் காற்றும் ஆட்டுக்குட்டியும் தெரிந்த மாதிரி இருந்தது.

ஒன்பதாவது பத்தி வந்தது.

சொல்லத்தான் வாயைத் திறந்தாள். எதிரில் அந்தச் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. அதை அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

“உங்க சம்மதம் இல்லாம யாரும் எழுப்ப முடியாதுன்னு போட்டிருக்குக்கா,” என்றாள்.

பிரம்மசக்தி கும்பிடாத குறையாக அவளைப் பார்த்தாள். பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். அதன் கீழே, தமிழில் வாசித்துக் காட்டினேன் என்று பெனிட்டா தன் கையெழுத்தைப் போட்டாள். இரண்டு வருஷம் ரொம்பத் தூரம், அதற்குள் எத்தனையோ மாறும், யாருக்கும் கெடுதல் இல்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானம் நிற்கவில்லை.

விசாரணை நாளில் தீர்ப்பாயத்தில் கூட்டமில்லை. நீதிபதி சண்முகவடிவேல் நல்ல மனுஷர் என்று பேர். அஃபிடவிட்டைப் புரட்டினார், ஒன்பதாவது பத்தியில் நின்றார், முகம் மலர்ந்தது. வக்கீல்களை விட்டுவிட்டு நேராக நயினாரைப் பார்த்துத் தமிழிலேயே பேசினார்.

“என்னப்பா, ரெண்டு வருஷத்துல எழுப்பிடுறேன்னு உன் சம்சாரமே உறுதி எழுதிக் குடுத்திருக்காங்களே. ஆறு வருஷம் பொறுத்த ஆளு, இன்னும் ரெண்டு வருஷம் பொறுக்க மாட்டியா?”

நயினார் எழுந்து நின்றார். “பொறுத்துக்கிடுதேன் ஐயா,” என்றார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. “ஒரு தேதி தெரிஞ்சாப் போதும் ஐயா எனக்கு.”

வசுமதியின் முகத்தில் வெற்றி தெரிந்தது. எதிர்த்தரப்பு வக்கீல்கூட ஃபைலை மூட ஆரம்பித்தார். எல்லோருக்கும் சந்தோஷம். பிரம்மசக்தி மட்டும் தான் உட்கார்ந்த இடத்திலிருந்து மெதுவாகத் திரும்பி, பின்வரிசையில் இருந்த பெனிட்டாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. கூட்டத்தில் பிள்ளையின் கையை விட்டுவிட்டவள் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

“என்னம்மா, உனக்கு வாசிச்சுக் காட்டினாங்கள்ல?” என்று நீதிபதி வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

பிரம்மசக்தி எழுந்தாள். இல்லை என்று சொன்னால் கையெழுத்துப் போட்ட பெண்ணின் கதி என்ன ஆகும் என்பது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

“காட்டுனாவ ஐயா,” என்றாள்.

“புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது.”

இன்டர்ன்கள் தீர்ப்பாயத்தில் வாயைத் திறக்கக் கூடாது. எழுந்து நிற்கக்கூடக் கூடாது. பெனிட்டா எழுந்தாள்.

“ஐயா, நான் வாசிக்கலை.”

வசுமதி திரும்பி அவள் கையைப் பிடித்து இழுத்தார். “உக்காரு,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

“ஒன்பதாவது பத்தியை நான் வாசிக்கலைங்க ஐயா. வேற மாதிரி சொல்லிட்டேன். அவங்களுக்கு அது தெரியாது. அவங்க எழுப்புறேன்னு எங்கேயும் சொல்லலை. என் மேலதான் தப்பு.”

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “சம்பந்தப்பட்டவங்க மட்டும் என் அறைக்கு வாங்க,” என்றார். “அந்தப் பொண்ணும் வரட்டும்.”

சின்ன அறை. வக்கீல்கள் இருவரும் சுவரோரம் நின்றார்கள். நீதிபதி பிரம்மசக்தியை உட்காரச் சொன்னார். “பேப்பர்ல இருக்கிறது இருக்கட்டும்மா. நிஜமா எதுக்காகத் தூங்க வைக்கணும்? சும்மா சொல்லு.”

பிரம்மசக்தி சொன்னாள். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு நிற்காமல். தொட்டிலையும் குளத்தையும் விழுந்த பல்லையும் சொன்னாள். நயினார் பக்கம் மட்டும் அவள் திரும்பவே இல்லை. வசுமதி கண்ணை மூடிக்கொண்டார். எதிர்த்தரப்பு வக்கீல் இதற்காகவே காத்திருந்ததுபோல ஓரடி முன்னால் வந்தார்.

“ஐயா, மனுதாரரோட மனநிலை பத்தி இது ஒரு முக்கியமான...”

“சார், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க,” என்றார் நயினார்.

வக்கீல் பின்வாங்கிச் சுவரோரம் நின்றார். காசு கொடுத்த கட்சிக்காரர் அப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை போலிருக்கிறது. நயினார் மனைவியைப் பார்த்தார். வாய் வரைக்கும் வந்த கேள்வி வெளியே வரச் சிரமப்பட்டது.

“பொம்பளப் பிள்ளையா?”

பிரம்மசக்தி தலையாட்டினாள்.

“ஆறு வருஷமாவா?” என்றார். “ஆறு வருஷமா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமலா?”

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நயினார் அவளைத் திட்டுவார் என்று பெனிட்டா நினைத்தாள். அவர் திட்டவில்லை. நீதிபதியிடம் திரும்பி, “ஐயா, எனக்குக் கொஞ்சம் டைம் வேணும்,” என்றார். “எழுப்பணுமா வேண்டாமான்னு இப்ப எனக்கே தெரியல. அந்தப் பிள்ளையப் பத்தி நான் கேக்கணும். வீட்டுல வச்சுன்னா எங்களால பேச முடியாது. எங்கயாவது ஒரு எடத்துல வச்சு, வாரத்துக்கு ஒரு நாள், இவ எனக்குச் சொல்லணும்.”

நீதிபதி வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். விவாகரத்தான தகப்பன் வாரம் ஒருமுறை குழந்தையைப் பார்க்க எத்தனையோ உத்தரவு போட்டிருக்கிறார். கனவிலிருக்கிற குழந்தையைப் பார்க்க உத்தரவு போட்டதில்லை. கடைசியில் அந்தப் பழைய உத்தரவுகளின் வார்த்தைகளையே எடுத்துக்கொண்டார். மூன்று மாதம் ஒத்திவைப்பு. அதுவரை ஊசி தொடரலாம். ஒவ்வொரு ஞாயிறும் ‘தன்னுரிமை’ மையத்தில் எதிர்மனுதாரர் குழந்தையைப் பற்றி விசாரிக்கவும், மனுதாரர் சொல்லவும் வேண்டும். குழந்தை என்றே எழுதச் சொன்னார், கரு என்று திருத்த வந்த வசுமதியைத் தடுத்தார்.

“நீ,” என்றார் பெனிட்டாவிடம், “ஒரு பத்தியை வாசிக்காம விட்டேயில்ல. அவங்க பேசுறப்ப பக்கத்துல உக்காந்து ஒரு வார்த்தை விடாம எழுது. அதுதான் உனக்குத் தண்டனை.”

வெளியே வந்த வசுமதி காரில் ஏறும்போது, “கேஸ் தோத்தோமா ஜெயிச்சோமான்னே எனக்குத் தெரியலடி,” என்றார். அதுவே அவர் மன்னித்ததற்கு அடையாளம் என்று பெனிட்டா எடுத்துக்கொண்டாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நயினார் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மடிப்புக்கூடக் கலையாத சட்டை. மையத்தின் கூடத்தில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். வெளியே மழைக்கு மூட்டம் போட்டிருந்தது. கூடத்துக்குள் பகலா சாயங்காலமா என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சம். பெனிட்டா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. நயினார் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார்.

“சாப்ட்டாளா?” என்று கேட்டார்.

பிரம்மசக்தி நிமிர்ந்து பார்த்தாள். கேலி செய்கிறாரோ என்று தேடினாள். இல்லை.

“சாப்ட்டா. தோசை,” என்றாள். “சுத்தி மொறுமொறுன்னு இருக்கத மட்டும் பிச்சுத் திம்பா. நடுவுல இருக்கத எனக்கு வச்சிருவா.”

“நானும் சின்னதுல அப்படித்தான் பண்ணுவேன். எங்கம்ம அடிப்பா,” என்று நயினார் சிரித்தார். “பேரு என்ன வச்சிருக்க?”

“கோமதி.”

நயினாரின் சிரிப்பு நின்றது. கோமதி அவருடைய அம்மாவின் பெயர். மூத்த பேத்திக்கு அந்தப் பெயர் வைப்பதுதான் அவர்கள் வீட்டு வழக்கம். ஆனால் அந்த அம்மா கடந்த ஆறு வருஷத்தில் பிரம்மசக்தியைப் பேசாத பேச்சில்லை.

“வேற பேரு வைக்கத் தோணல,” என்றாள் பிரம்மசக்தி.

அதற்குப் பிறகு கேள்விகள் தடையில்லாமல் வந்தன. எந்தக் கையால் எழுதுவாள்? இருட்டுன்னா பயமா? முடி சுருட்டையா? பாட்டுப் பாடுவாளா? பிரம்மசக்தி சொல்லச் சொல்ல நயினார் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். ஆட்டுக்குட்டி இப்போது வளர்ந்து குளத்தங்கரையில் எல்லாச் செடியையும் மேய்ந்துவிடுகிறதாம். கோமதி அதற்கு முட்டுக்கொடுத்து அம்மாவிடம் வாதாடுகிறாளாம். “வக்கீலாத்தான் வருவா போல,” என்று நயினார் பெனிட்டாவைப் பார்த்துச் சொன்னார். பெனிட்டா அதையும் எழுதினாள். எழுதிக்கொண்டே இருந்ததில், நாலாவதாக ஒரு நாற்காலி போட்டிருக்கலாமே என்று ஒரு நிமிஷம் அவளுக்குத் தோன்றியது.

“என்னையப் பத்திக் கேப்பாளா?” என்றார் நயினார். அந்தக் கேள்வியைத்தான் அவர் வந்ததிலிருந்து வைத்துக்கொண்டிருந்தார் என்பது கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

“தெனமும் கேப்பா.”

“நான் அங்க இருக்கேனா?”

“இல்ல,” என்றாள் பிரம்மசக்தி மெதுவாக. “நானும் ஒவ்வொரு நாளும் பாத்துட்டுத்தான் இருக்கேன். ஒங்க சட்ட கொடியில காயும். ஒங்க செருப்பு வாசல்ல கெடக்கும். நீங்க மட்டும் வரமாட்டிய. வேலைக்குப் போயிருக்காவ, சாயங்காலம் வந்துருவாவன்னு அவட்டச் சொல்லுவேன்.”

நயினார் ஒரு முடிவுக்கு வந்தவர்போல நிமிர்ந்தார்.

“இன்னிக்கு ராத்திரி, அப்பா வந்துட்டாவன்னு சொல்லிரு.”

“அதுவும் சொல்லிப் பாத்துட்டேன்,” என்றாள் அவள். “நம்ப மாட்டுக்கா. வந்துட்டாவன்னா ஏன் என்னையத் தூக்க மாட்டுக்காவன்னு கேக்கா.”

நயினாரின் கைகள் முழங்காலின் மேல் விரிந்தபடி இருந்தன. கிரீஸ் கறை போகாத பெரிய கைகள். அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே மழை ஆரம்பித்துவிட்டது.

“நீ அவட்ட என்ன சொன்ன?” என்று கடைசியில் கேட்டார்.

பிரம்மசக்தியின் கை தன்னை அறியாமல் அடிவயிற்றில் போய் நின்றது.

“யோசிச்சுச் சொல்லுதேன்னு சொல்லிருக்கேன்,” என்றாள்.